சந்துச் சுவரில் இருந்தவை

முதன்முறையாக எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். காஞ்சிபுரத்தில், நெசவாளர் வீடு ஒன்றின் பக்கத்துச் சந்தில் நிகழ்ந்த பேச்சு இது. வீட்டுக்காரி ரேணுகாம்பாள் சந்தில் நிற்கிறார். அவர் கணவர் மயில்வாகனம் உள்ளே தறியில் அமர்ந்திருக்கிறார். ஏஞ்சல் என்னும் இளம்பெண் ஓரிக்கையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியிருக்கிறாள். இவர்கள் நடுவே என் சொற்களைச் செருகும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியவில்லை. ஆகவே விலகி நின்றுகொள்கிறேன்.

ரேணுகாம்பாள்: கிட்ட வந்தே பாத்துக்குங்க மேடம். ஒரு பொட்டு ஈரம் இருக்குதா?

ஏஞ்சல்: ஆன்ட்டி... இது... இந்தச் சுவர்...

ரேணுகாம்பாள்: தொட்டுப் பாருங்க. கையில ஒட்டாது. காலையிலயே காஞ்சிடுச்சு.

ஏஞ்சல்: நான் சந்து மாறி வந்துட்டேனா?

ரேணுகாம்பாள்: இதே சந்துதான். எதிர்ல அதே மாவு மில்லு. அதே நாய் படுத்துக்கினு இருக்குது பாருங்க.

ஏஞ்சல்: இல்ல ஆன்ட்டி, இங்க பச்சையா... நடுவுல கறுப்பா... மேல இருந்து ஒண்ணு வழிஞ்சு இறங்குமே...

ரேணுகாம்பாள்: ஒண்ணும் வழியல! இந்தச் செவுரு எப்பவுமே இப்டித்தான் வெள்ளையா இருக்குது.

ஏஞ்சல்: எப்பவுமேவா?

மயில்வாகனம்: யாரு ரேணு? கார்ப்பரேசன் பொண்ணு வந்துடுச்சா?

ரேணுகாம்பாள்: நீங்க நெய்ங்க! பேசிக்கினே நெய்தா இழை அறுந்துடப் போவுது.

மயில்வாகனம்: இழை அறுந்தா முடிஞ்சிக்கலாம். தண்ணி கனெக்சன அறுத்துட்டாங்கன்னா எத்த முடியறது?

ஏஞ்சல்: எந்தக் கனெக்சன்?

ரேணுகாம்பாள்: அது ஒண்ணுமில்ல மேடம். தறியில உக்காந்தா அவருக்குக் காலு கையோட வாயும் ஆடும். மோர் கொண்டாரட்டுமா?

ஏஞ்சல்: மோர் வேணாம்... என்ன ஏன் மேடம்னு கூப்பிடறீங்க?

ரேணுகாம்பாள்: பின்ன, ஆபீசர எப்டிக் கூப்புடறது?

ஏஞ்சல்: ஆபீசரா? யாரு?

மயில்வாகனம்: இன்னாம்மா இது! வாரம் பூரா வந்து நின்ன. ஒரு கண்ண மூடிக்கின. பென்சில நீட்டி நீட்டி செவுத்த அளந்த. ‘இது எவ்வளோ நாளா ஒழுகுது’ன்னு வேற கேட்ட. இன்னா வேலைம்மான்னா ‘ஆபீஸ் வேலை’ன்ன. நாங்க உன்ன மாப்பிள்ளை வீட்டுக்காரின்னா நெனைக்கிறது?

ரேணுகாம்பாள்: மேல்தெருவுல இப்டித்தான் ஒரு ஆளு வந்து பாத்துட்டுப் போனாரு. மறுநாளே தண்ணிய நிறுத்திட்டாங்க. அவங்க தெருவுல கழிவுத்தண்ணி விடறாங்களாம்.

ஏஞ்சல்: ஐயோ... நான் கார்ப்பரேசன் இல்ல ஆன்ட்டி.

ரேணுகாம்பாள்: அப்ப சுகாதாரமா?

ஏஞ்சல்: நான் பட்டுக்கடையில வேலை செய்யறேன். கம்ப்யூட்டர்ல புடவைக்கு டிசைன் போடறவ.

மயில்வாகனம்: டிசைனுக்கும் எங்க வீட்டு பாத்ரூம் செவுத்துக்கும் இன்னா சம்மந்தம்?

ஏஞ்சல்: அது... சொன்னா சிரிப்பீங்க.

மயில்வாகனம்: சத்தியமா சிரிக்க மாட்டேன்.

ஏஞ்சல்: அந்தப் பாசியத்தான் வரைஞ்சேன்.

மயில்வாகனம்: ஹ... ஹஹ்ஹா!

ஏஞ்சல்: பாத்தீங்களா, சிரிக்கிறீங்க! தறி சத்தமே நின்னுடுச்சு!

ரேணுகாம்பாள்: ஏங்க, சும்மா இருங்க. பாசியவா வரைஞ்ச?

ஏஞ்சல்: கடையில எப்பவும் பழைய புடவையக் குடுத்துக் காப்பி போடச் சொல்வாங்க. மாங்காய், மயிலு, அன்னம்... இந்தத் தடவைதான் முதலாளி, ‘புடவை முந்திக்கு நீயா ஒண்ணு கொண்டா, பாக்கலாம்’னு சொன்னாரு. நாளைக்குக் காட்டணும். நல்லா இல்லன்னா திரும்பக் காப்பிதான்.

ரேணுகாம்பாள்: அதுக்கு... இந்தச் செவுரா கிடைச்சுது?

ஏஞ்சல்: பஸ்ஸு விட்டு எறங்கி இப்படிக் குறுக்கால வந்தேன். அப்பதான் யாரோ உள்ள குளிச்சிருக்கணும், சுவர் நனைஞ்சு பளபளன்னு இருந்துச்சு. பாலாத்துல நாணல் காத்துக்குச் சாஞ்சு நிக்குமே, அந்த மாதிரி மேல இருந்து எறங்குச்சு. எனக்கு அப்புறம் வேற எதுவுமே வரைய வரல.

மயில்வாகனம்: போன்ல போட்டோ புடிச்சிருக்கலாமே?

ஏஞ்சல்: புடிச்சேன் அங்கிள். போட்டோல வெறும் அழுக்காத் தெரியுது. பாதிதான் வரைஞ்சிருக்கேன். கீழ்ப் பாதி இன்னிக்கு முடிச்சுடலாம்னு வந்தேன்.

ரேணுகாம்பாள்: கடவுளே... கம்பி பிரஷ்ஷு வெச்சு நான்தான் தேய்ச்சேன். ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊற வெச்சு, மேல சுண்ணாம்பு வேற.

ஏஞ்சல்: திரும்ப வராதா?

ரேணுகாம்பாள்: தண்ணி ஒழுகுன ஓட்டைய இவரு அடைச்சுட்டாரே.

மயில்வாகனம்: வேணும்னா ஒரு ஆணி அடிச்சு ஒழுக வுடட்டுமா? ஆனா பாசி நாளைக்குள்ள வராதும்மா. அதுக்கு அவசரம் தெரியாது.

ஏஞ்சல்: ஆன்ட்டி, கீழ எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?

ரேணுகாம்பாள்: எனக்கு இன்னா தெரியும்? அழுக்குதானே.

மயில்வாகனம்: அழுக்கா? பாத்திரம் தேய்க்க வந்தா கொழாய மூட மறந்துட்டு அந்தப் பக்கமே பாத்துக்கினு இருப்பா. இன்னாடி பாக்குறன்னா, பல்லி போவுதும்பா. அத்தினி பல்லி ஊருல கெடையாதும்மா.

ரேணுகாம்பாள்: உங்களுக்குத் தறி வேலை இல்லியா?

ஏஞ்சல்: ஆன்ட்டி... இந்தப் படத்தப் பாருங்களேன். மேல இருந்த நாணல் இது. சரியா வந்திருக்குதா?

ரேணுகாம்பாள்: ...நாணலா?

ஏஞ்சல்: ஆமா.

ரேணுகாம்பாள்: அது முடிம்மா.

ஏஞ்சல்: முடியா? யாரோட முடி?

மயில்வாகனம்: ரெண்டு பேருக்கும் இன்னா ஆச்சு? எனக்கு அது பாசியாத்தான் இருந்துச்சு.

ஏஞ்சல்: எனக்கு ஒண்ணும் புரியல. அப்ப நான் பாத்தது எது? ஆன்ட்டி, நீங்களும் பாத்திருக்கீங்க... பாத்தும் ஏன் தேய்ச்சீங்க?

ரேணுகாம்பாள்: தண்ணி இல்லாம குடும்பம் நடத்துவியா நீ? சொன்னா சிரிப்பாங்கன்னு உனக்கு மட்டுந்தான் இருக்குமா? எழுதிக்கோ, ஒரு தடவைதான் சொல்வேன். வலது ஓரத்துல நாரை ஒண்ணு, கழுத்த மடிச்சுக்கினு. அதுக்குக் கீழ தாமல் ஏரி, மழை பேஞ்ச வருசம் கரை தொட்டுக்கினு இருக்குமே, அந்த மாதிரி. ஏரியில ஓட்டைப் படகு ஒண்ணு. கரையில, செவுத்து மேலேர்ந்து கீழ வரைக்கும் தலைமுடிய விரிச்சுப் போட்டுக்கினு ஒருத்தி, எனக்கு முதுகு காட்டிக்கினு. இத்தினி வருசத்துல ஒரு நாளும் திரும்பல. நாரை போச்சு, ஏரி போச்சு, படகு போச்சு. அவளத்தான் கடைசியா சுரண்டினேன்.