பழைய ரூல் வேண்டாம்

டாரில்: பிஎஃப்சென்ஸ் பெட்டியே போட்டுரலாம் ஷர்மைன். பேசினது போதும் லா.

ஷர்மைன்: மூணு மணி மீட்டிங்ல டாக்டர் சிவசம்பு கேப்பாரு அண்ணே, ஏன் இதுன்னு. நான் என்ன சொல்ல?

டாரில்: நல்ல ஃபயர்வால்னு சொல்லு. கண்டவன் கிளினிக் சர்வருக்குள்ள வர முடியாதுன்னு சொல்லு.

ஷர்மைன்: என்எஃப்டேபிள்ஸ் சாஃப்ட்வேரும் அதத்தான செய்யுது? சர்வர்லயே இருக்கு, தனி மெஷின் வேணாம். அட்ரஸ் மாத்துற நாட் வேலையும் பாத்துக்கும்... வெளிய நமக்கு ஒரே அட்ரஸ், உள்ள எந்த கம்ப்யூட்டருக்குப் போகணுமோ...

டாரில்: எனக்கே பாடம் எடுக்கிறியா?

ஷர்மைன்: டாக்டருக்குச் சொல்ல ஒத்திகை பாக்குறேன். இன்னொண்ணு, யார உள்ள விடலாம், யார விடக்கூடாதுன்னு நம்ம எழுதி வச்ச பழைய ரூலெல்லாம் இதுல அப்படியே கொண்டு வந்துரலாம். ஒங்க பெட்டியில ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்.

டாரில்: பழசு வேணாம்.

ஷர்மைன்: ஏன்?

டாரில்: குப்ப. அது வழியாத்தான பேஷண்ட் ரிப்போர்ட்டெல்லாம் வெளிய போச்சு.

ஷர்மைன்: கவுண்டர்ல கிருஷ்ணம்மாக்கா ஏதோ ஈமெயில திறந்ததால போச்சுன்னுல்ல விசாரணை ரிப்போர்ட்ல எழுதினீங்க?

டாரில்: ...ஆமா.

ஷர்மைன்: சிம்பாங் ரெங்கம் ஊரு பூரா அவங்கள ஏசுது. இன்னைக்கு மீட்டிங்ல வேலைய விட்டே நிறுத்தப் போறாங்க.

டாரில்: நீ சாப்பிட்டியா?

ஷர்மைன்: பேச்ச மாத்தாதீங்க. அழிக்கறதுக்கு முன்ன பழைய ரூல ஒரு தடவ படிச்சுருவோம்.

டாரில்: படிக்காத.

ஷர்மைன்: ஏன் அண்ணே?

டாரில்: கதவச் சாத்து.

ஷர்மைன்: சாத்தித்தான் இருக்கு.

டாரில்: ஆகஸ்ட்ல காய்ச்சல்னு எம்சி லீவு எடுத்தேன்ல... டாக்டரே நெத்தியத் தொட்டுப் பாத்து எழுதிக் குடுத்தாரு.

ஷர்மைன்: ம்.

டாரில்: காய்ச்சல் இல்ல. சிங்கப்பூருக்கு இன்டர்வியூ போனேன். சர்வர் படுத்துட்டா வீட்டுலேர்ந்து வான்னு கூப்புடுவாங்களேன்னு, வெளியிலேர்ந்து நேரா உள்ள வர ஒரு ரூல் எழுதி வழி திறந்து வச்சுட்டுப் போனேன். நெனச்ச மாதிரியே படுத்துருச்சு. ஜொகூர் பாலத்துல பஸ் நகரல, நின்னுக்கிட்டே போன்ல சரி பண்ணேன். அப்புறம்... மூடல.

ஷர்மைன்: மறந்துட்டீங்களா?

டாரில்: நாலு மாசம். ஆன்னு திறந்து கெடந்துச்சு.

ஷர்மைன்: அந்த வேல கெடச்சுச்சா?

டாரில்: இல்ல. நேத்து கிருஷ்ணம்மாக்கா போன் பண்ணாங்க. "எந்த ஈமெயிலு தம்பி? சொல்லு, இனிமே திறக்கவே மாட்டேன்"னாங்க.

ஷர்மைன்: நீங்க என்ன சொன்னீங்க?

டாரில்: பாத்துச் சொல்றேங்கான்னேன். கூனிக் குறுகிப் போயிட்டேன் ஷர்மைன். கண்ணாடியில மூஞ்சப் பாக்கவே வெக்கமா இருக்கு.

ஷர்மைன்: அண்ணே...

டாரில்: நீ சொன்னதே போடுவோம். பழைய ரூல் எல்லாம் வரட்டும், யாரு எப்ப போட்டதுன்னு என் பேரோட வரட்டும். டாக்டர்கிட்ட நானே சொல்றேன். இதுல ஒனக்கு ஒண்ணும் இல்ல, நீ பயப்படாத.

ஷர்மைன்: அப்படிச் சொல்லாதீங்க. எனக்கு இங்க வேல வாங்கிக் குடுத்ததே நீங்கதான்.

டாரில்: அதுக்கும் இதுக்கும் என்ன?

ஷர்மைன்: அந்த ரூல நான் போன மாசமே பாத்துட்டேன் அண்ணே. தேதி, ஒங்க பேரு, எல்லாம். பாத்துட்டுத்தான்... ஒங்க ரிப்போர்ட்ல ரெண்டாவது கையெழுத்து போட்டேன்.