கப்பலில் ஒரு காலி நாற்காலி

— அந்த நாற்காலியில ஆள் வரும், இசபெல்லாம்மா. எங்க வீட்டுக்காரர் உக்காரணும்.

— தூத்துக்குடியில கப்பல் ஏறுனதுலேருந்து வாரார் வாரார்னுதான் சொல்லுதிய, ஜீவமணி டீச்சர். வந்தபாடில்லை.

— அவருக்குத் தலைசுத்தல். கேபின்ல படுத்திருக்கார்.

— மாதாவே! கொஞ்சம் கஞ்சி வாங்கிட்டுப் போயிக் குடுப்பமா?

— ஒண்ணும் வேண்டாம். நீங்க வேற மேசைக்குப் போனாப் போதும். தன்மையாத்தான் சொல்லுதேன்.

— எங்க போக? அங்கன சாத்தான்குளத்துக் கடைக்காரங்க சீட்டாடிக்கிட்டே திங்காவ. இங்கன இருக்கேன். இந்தாங்க, நண்டு.

— என் தட்டுல கை வைக்காதீங்க. நேத்தும் இப்படித்தான் அள்ளிப் போட்டீங்க.

— தின்னியள்லா.

— மரியாதைக்குத் தின்னேன்.

— ஓட்டையும் கடிச்சுச் சப்புனது மரியாதைக்கா?

— வாயை அடக்குங்க. கொச்சியில இறங்குனப்போ என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பார்க்கிறவங்ககிட்டல்லாம் ‘டீச்சர் என் கூட்டாளி’ன்னீங்க. யாருக்கு யாரு கூட்டாளி? நாசரேத்துல எங்க அப்பா ஹெட்மாஸ்டர். நீங்க சங்கு குளிக்கிறவங்க வீடு.

— ஆமா, சங்கும் குளிச்சாவ, முத்தும் குளிச்சாவ. கடைசியா முங்குன எம் வீட்டு மனுசன் எந்திரிக்கவே இல்லை. எம்மவன் மரியான் புது ஹார்பர்ல கிரேன் ஓட்டி டிக்கெட் எடுத்துத் தந்தான். ஓசியில வரலை டீச்சர்.

— நான் அதைச் சொல்லலை.

— சொல்லிட்டிய. இனி நானும் சொல்லுதேன். உங்க வீட்டுக்காரர் கேபின்ல இல்லை. தூத்துக்குடியிலயே, ஏணியை எடுக்கதுக்கு முன்னால பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்கிப் போனார். நீங்க கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னிய. பார்த்தேன்.

— பார்த்துட்டுத்தான் வேவு பார்க்க வாரீங்களாக்கும்.

— விட்டுட்டுப் போயிட்டாரேன்னு தனியா உக்காந்து அழுவியளேன்னு வந்தேன். எனக்குத் தனியாச் சோறு இறங்காது. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்.

— அவர் விட்டுட்டுப் போகலை. நான்தான் இறங்கச் சொன்னேன்.

— நீங்களா?

— கப்பல் சாப்பாடு சேராதுன்னு ஸ்டவ்வும் அரிசியும் கட்டிக் கொண்டுவந்தார். கேபின்ல வச்சுப் பொங்கச் சொன்னார். லீவு விட்டுக் கப்பல்ல சுத்திப் பார்க்க வந்தும் பொங்கணுமான்னேன். பொங்காட்டி இறங்கிருவேன்னார். இறங்குங்கன்னேன்.

— மாதாவே.

— கல்யாணம் ஆனதுலேருந்து அவர் தின்னு எழுந்திரிச்ச பிறகுதான் எனக்குச் சோறு. ஒரு தடவையாவது சூடா, யாருக்கும் பரிமாறாம, பேச்சில்லாம திங்கணும்னு ஆசைப்பட்டேன். அதைக் கெடுக்கன்னே நீங்க வந்து சேர்ந்தீங்க.

— எனக்கென்ன தெரியும்? சரி, எந்திரிச்சுப் போறேன். நாளைக்கு விடிஞ்சா திரும்பத் தூத்துக்குடி. கூட்டிட்டுப் போக வந்து நிப்பார், அவர்கிட்ட இந்த மூஞ்சியைக் காட்டுங்க.

— நில்லுங்க.

— இன்னும் என்ன?

— உங்க தெருவுல, ஒத்தப் பொம்பளை தனக்கு மட்டும் பொங்கித் திங்க, வாடகைக்கு வீடு கிடைக்குமா?