தேறின தகடு

இல்ல சாறே, அண்ணைக்கு சுவிட்ச் போட்ட பையன், அந்த ஸ்மைலின், அவன் மேல குத்தமே இல்ல. ஈரக்கையோட தொட்டாம்ணு ஐஸ் பிளாண்டுக்காரங்க சொல்லுகது சும்மா. அவனுக்க ரெண்டு கையும் முட்டுவரை வெந்து கெடக்கு, எதுத்துப் பேச ஆளில்ல, அதான் அவன் தலையில வைக்காங்க. விசாரிக்கதுக்குண்ணு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, இந்த ஸ்டூல்ல இருங்க. பொடி பறக்கும், சட்டை வெளுத்துப் போவும், ஒண்ணும் நெனைக்காதீங்க.

இந்தத் தகடு வேற எங்க போயிருக்குண்ணா? சொல்லுகேன். மொதல்ல சரக்கக் கையில வாங்கிப் பாருங்க.

வெறும் பீங்கான்ணு நெனைச்சுராதீங்க. அலுமினாப் பொடி. அச்சுல அமுக்கி ஆயிரத்து அறுநூறு டிகிரில வேகவைக்கணும். கடியப்பட்டணம் ஐஸ் பிளாண்டுல வெடிச்சுதுல்லா, அந்த பேட்டரிப் பெட்டி, நம்ம வீட்டு இன்வெர்ட்டர் ஜாதிதான், ஆனா லாரி அளவு. மேல கரண்ட் ஓடுற செம்புப் பட்டை, கீழ இரும்புச் சட்டம், ரெண்டுக்கும் நடுவுல நிக்கது இது. இது விட்டுக் குடுத்தா, உள்ள அடச்சு வச்சதெல்லாம் ஒரே மூச்சுல வெளிய வரும். அண்ணைக்கு சுவிட்ச் போட்டு கால் மணிக்கூறு ஆகல்ல.

உப்புக்காத்தா? நானும் அப்படித்தான் ஒரு வாரம் மனசத் தேத்துனேன். சவுதியில, தமாம்ல பதினெட்டு வருசம் இதே வேலை சாறே. உப்பு கடிச்ச தகடு எப்படி இருக்கும்ணு எனக்குத் தெரியும்.

டெஸ்ட் செய்யாமயா? ஒவ்வொண்ணையும் பத்தாயிரம் வோல்ட்டு போட்டு நானே பாப்பேன். இந்த ராஜையன் பாத்து விட்டா பின்ன யாரும் பாக்காண்டாம்ணு ஒரு பேரு உண்டு. ஏட்டி பூங்கனி, அங்க நிண்ணு வாயப் பாக்காத, சாறுக்கு ஒரு கட்டஞ்சாயா போடு.

பெட்டியத் தொறந்தப்ப நானும் போனேன். கரிஞ்ச தகட்ட எடுத்தேன். மேலருந்து கீழவரை ஒரு கறுத்த கோடு. கரண்ட் தானா வழி தேடிப் போனா கோணலா, வேர் மாதிரி ஓடும். இது ஸ்கேல் வச்சது மாதிரி நேரா இருக்கு. குறுக்க சின்னதா இன்னொண்ணு.

எங்க அம்மை அப்பத்துக்கு மாவு கலக்குனா விரலால மேல ஒரு சிலுவை போட்டுத்தான் மூடுவா. நான் பரீட்சைப் பேப்பர்லயும் போட்டுத்தான் எழுதுவேன். டெஸ்ட்ல தேறின தகட்டுலயும் போடுவேன், பென்சிலால, இந்த ஓரத்துலருந்து அந்த ஓரம்வரை. யாருக்கும் ஒரு ஆபத்து வரக்கூடாதேண்ணுதான் சாறே. பென்சில் கரி கரண்டக் கடத்தும்ணு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும். எனக்குத் தெரியாதா? கை அதுபாட்டுக்குப் போட்டுருக்கு.

சொல்லிருலாம்ணு நேத்தைக்கே போனை எடுத்தேன். பின்ன, சிலுவை போட்டதாலதான் வெடிச்சுண்ணு ஊருக்குள்ள ஒரு பேச்சு கெளம்பும். நம்ம ஊருல மதம்ணு வந்தா அது எங்க போயி நிக்கும்ணு உங்களுக்குத் தெரியும். வச்சுட்டேன்.

ஆங், கேட்டீங்கல்லா. இன்னும் ஒரே ஒரு எடந்தான். நாகர்கோவில்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இருநூத்தி நாப்பது தகடு. வார்டுக்கு நேர கீழ வச்சிருக்காங்க பெட்டிய. இண்ணைக்குப் பதினோரு மணிக்கு சுவிட்ச் போடுகோம், ஒரு ஜெபம் பண்ண வாங்கண்ணு காலையில எனக்குப் போன் வந்துது.

உங்க வாட்சுல இப்ப மணி எத்தன சாறே?