ஜாடிக்குள் கொடைக்கானல்

மைதீன் பிச்சை: ...சொன்னா நம்பமாட்டே ஆவுடையப்பா. இந்த ஊறுகா ஜாடிக்குள்ள கொடைக்கானல் காடு பூராம் இருக்கு. காதை வச்சுக் கேளு, உள்ள நரி ஊளையிடுது!

ஆவுடையப்பன்: நரியா? ஒரு கொசு சத்தங்கூடக் கேக்கலயே மச்சான். நாலு மாசமா வெறும் ஈரமண்ணுதான் தெரியுது.

ஜெய்தூன் பீவி: நல்லாக் கேளுங்கண்ணே. வாங்குன எலுமிச்சங்கா வாடுது. இன்னைக்கு இவுக பெரணி மரம் மொளைக்கலேன்னா ஜாடி எனக்கு. மண்ணு தெருவுக்கு. அந்தச் சாக்குஞ் சேத்துத்தான்.

மைதீன் பிச்சை: சாக்கு என்ன பாவம் பண்ணுச்சு? கை அரிக்க அரிக்கக் கூந்தப்பனைக் கொட்டையைக் கழுவி, நனைச்ச சாக்குல சுத்தி, வெந்நி அடுப்போரம் வச்சேன். ஒவ்வொண்ணும் ஈட்டியாட்டம் மொளை விட்டிருக்கு. நேத்து ஒண்ணு உத்தரத்தைத் தொட்டுருச்சு!

ஜெய்தூன் பீவி: உத்தரமாம்... என் சுண்டுவிரல் ஒசரம்ணே.

ஆவுடையப்பன்: பனை சரி. கொட்டை இருந்துச்சு, மொளைச்சுச்சு. பெரணிக்கு ஏது மச்சான் வெதை?

மைதீன் பிச்சை: அதான்யா அதிசயம்! பூவுமில்ல, வெதையுமில்ல, ஆனா மலையில தென்னை ஒசரம் நிக்கிது. இலைக்கு அடியில பழுப்பாப் பொடி. அதைத் தட்டிப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்தேன். ஒரு சிட்டிகையில லட்சம் மரம்! திருச்சி ரேடியோவுல சொல்லப் போறான் பாரு. நான் ஜாடியில தூவையில நீயுந்தானே இருந்தே...

ஆவுடையப்பன்: இருந்தேன்... இருந்தேன்.

ஜெய்தூன் பீவி: மிச்சப் பொட்டலம் மாடத்துல கெடக்கு. இந்தா, இதையும் பிரிச்சு வீசி... ஹ... ஹச்! அல்ஹம்துலில்லாஹ்... ஹச்!

மைதீன் பிச்சை: மலைக்காத்துல்ல, காரமாத்தான் இருக்கும்!

ஜெய்தூன் பீவி: காத்தாவது! மூக்குப்பொடி நெடியால்ல அடிக்கிது... ஏண்ணே, அதுக்குள்ள துண்டை உதறிட்டீக?

ஆவுடையப்பன்: இல்ல தங்கச்சி... கடைக்கு நேரமாச்சு...

மைதீன் பிச்சை: செத்த நேரம் உக்காருய்யா. தொட்டியில கை கால் கழுவி ஒளு செஞ்சு தொழுதுட்டு வாரேன், அப்பறம் ஜாடி வழக்கைத் தீப்போம்... ஏ ஜெய்தூனு! ஓடியா! ஆவுடையப்பா, நீயும் வா! தொட்டியோரத்துச் செங்கல்லைப் பாரு!

ஜெய்தூன் பீவி: பாசிதானே... அடியாத்தீ! இம்புட்டு இலையா! பூனைக்குட்டி வாலாட்டம் சுருண்டுக்கிட்டு... என்னா அழகுங்க! அஞ்சு வேளையும் இது மேலதானே ஒளுத்தண்ணிய ஊத்துறேன்.

மைதீன் பிச்சை: அதான் புள்ள மழை! நானும் கொடைக்கானல்ல தோட்டம் போட்ட வெள்ளைக்காரனும் சேந்தாலும் இப்படி வளக்க முடியாது!

ஜெய்தூன் பீவி: சரி, ஜாடி எனக்கு. கல்லும் சாக்கும் உங்களுக்கு. நான் ஊத்திக்கிட்டே இருக்கேன்.

மைதீன் பிச்சை: ஆனா தூவுனது ஜாடியில... இங்க எப்படி? ஏலே ஆவுடையப்பா, ஏன் மொகம் வெளிறுது? இது பெரணியா இல்லையா, ஒத்துக்க!

ஆவுடையப்பன்: பெரணிதான் மச்சான்... மொளைச்சிருச்சு, ஒத்துக்கிறேன். அன்னைக்கு நீ மண்ணு சலிக்கப் போயிருந்தே. பொட்டலத்தைப் பாத்து மூக்குப்பொடின்னு நெனச்சு, இந்தத் தொட்டியோரமா நின்னு ஒரு இழுப்பு இழுத்தேன். வந்துச்சு பாரு ஒரு தும்மல்... பொட்டலம் பூராம் இந்தக் கல்லு மேல பறந்துருச்சு. பயந்துபோயி, என் பொடிமட்டையைக் கவுத்துக் கொட்டி, பழையபடி மடிச்சு வச்சுட்டேன். நாலு மாசமா நீ ஜாடியில தண்ணி தெளிச்சு வளத்தது என் மூக்குப்பொடியத்தான் மச்சான்!