பேச்சு வராத மாப்பிள்ளை

அம்மா, சனிக்கிழமைகளில் பாத்திரம் உருவாக்குகிறேன் என்று நான் சொன்னதும், ஏதோ பாத்திரப் பட்டறையில் பகுதிநேர வேலை என்று நினைத்துக்கொண்டாய். "நல்லா கனமாப் பண்ணுடா, அடிபிடிக்காம இருக்கணும்" என்றாய். நான் திருத்தவில்லை.

அது ஒரு விளையாட்டு. இங்கே நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டில் ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கொரு தாளில் ஒரு கற்பனை மனிதரை எழுதி, அவராகவே பேச வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். மற்றவர்கள் வாள்வீரன், மந்திரவாதி என்று எழுதினார்கள். நான் பேச்சு வராத பல் டாக்டரை எழுதினேன்.

"டிராகன் வந்தா என்னடா பண்ணுவ?" என்றார் ஆட்டத்தை நடத்தும் தாடி அண்ணன்.

"பல்லைப் பிடுங்கிருவேன். அப்புறம் எதை வெச்சுக் கடிக்கும்?"

சிரித்துவிட்டு, "குறை இருக்கிற ஆளைத்தான்டா எல்லாரும் நம்புவாங்க" என்றார்.

அந்த வாரம்தான் அக்காவுக்கு வாத்தியார் வரன் வந்தது. நல்ல மனிதர் என்றுதான் கேள்வி. ஆனால் அக்கா போய்விட்டால், படுக்கையில் கிடக்கும் அப்பாவை உன்னால் தனியாகத் தூக்கி உட்காரவைக்க முடியாது. நான்தான் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். இங்கேயே இருக்க எனக்கு இன்னும் ஒரே ஒரு வருடம் தேவைப்பட்டது.

என் நண்பர் ஒரு பல் டாக்டர், பேச்சு வராது, எழுத்தில்தான் பேசுவார் என்று சொல்லி, என் இரண்டாவது போன் எண்ணை அவருடையது என்று அக்காவுக்குக் கொடுத்தேன். அனுப்பிய படம், தாடி அண்ணன் தாடி வளர்ப்பதற்கு முன்பு எடுத்துக்கொண்டது. "பேசாத மாப்பிள்ளைன்னா சண்டையே வராதுடா" என்று நீயும் சந்தோஷப்பட்டாய்.

அக்கா வாத்தியாரை வேண்டாம் என்றாள். அடுத்து வந்த இருவரையும். ஒரு வருடம் ஆறானது. டாக்டருக்காகவே சைகை மொழி கற்றுச் சான்றிதழும் வாங்கினாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் ஏமாற்றி ஆடவில்லை. நேரில் பார்க்கலாமா என்று அவள் கேட்கும்போதெல்லாம் பகடையை உருட்டித்தான் பதில் எழுதினேன். போன மாதம் டிக்கெட்டே எடுத்துவிட்டதாகச் சொன்னாள். உருட்டினேன். ஒன்று விழுந்தது. ஒன்று விழுந்தால் ஆள் காலி என்பது விதி. அவர் இறந்துவிட்டார் என்று நான்தான் போனில் சொன்னேன். "எல்லாம் என் விதிடா" என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான்.

அவள் சாப்பிடுவதே இல்லை என்று நேற்று நீ சொன்னாய். அதனால்தான் உன்னிடம் மட்டும் இதைச் சொல்கிறேன். யாரும் சாகவில்லை அம்மா, அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. நிம்மதியாக இரு. அக்காவிடம் சொல்லாதே, தாங்கமாட்டாள்.

நாளைக்கு டாக்டரின் தம்பி அவளுக்கு ஆறுதல் எழுதுவார். நீ சொன்ன மாதிரி இந்த முறை கனமாகவே செய்திருக்கிறேன். அவருக்கும் பேச்சு வராது. அக்கா அவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றது வீணாகக் கூடாது, பார்.