பதல் துறை

கப்பல்ல ஹஜ்ஜுக்குப் போன காலம் அது. அப்ப நம்ம சங்குமுனைப்பட்டணத்துல காசிம்பிச்சைன்னு ஒருத்தர் இருந்தாராம். சங்கு குளிக்கிறவரு. என் வாப்பாவோட பாட்டனாருக்கு அண்ணன் முறை. மூச்சடக்குனா கடலுக்குள்ள அவரை ஜெயிக்க ஆளு கிடையாதும்பாங்க. பொஞ்சாதி பேரு செய்னம்பு.

பிள்ளைங்களுக்கெல்லாம் கல்யாணம் முடிச்சாச்சு. கையில வழிச்செலவுக்கும் இருக்கு, வீட்டுல வச்சுட்டுப் போகவும் இருக்கு, உடம்புல தெம்பும் இருக்கு. "இனிமே எம்மேல கடமையாயிடுச்சு செய்னம்பு. தள்ளிப்போட்டா அது என் குத்தம்"னாராம். அந்த வருஷமே புறப்பட்டுட்டாரு. வீடு வீடாப் போயி, "ஏதும் தப்புச் செஞ்சிருந்தா பொறுத்துக்கிடுங்க"ன்னு சொல்லிட்டு, பம்பாய் போயிக் கப்பல் ஏறினாராம்.

கப்பல்ல வாந்திபேதி வந்திருச்சு. நோய் வந்த கப்பலை நேரா ஜித்தா துறைமுகத்துக்கு விடமாட்டாங்களாம். வழியில ஒரு தீவுல இறக்கிப்புடுவாங்க. வெறும் பாறையும் மணலும்தான். கூடாரம் போட்டு வச்சிருப்பாங்களாம். குடிதண்ணி கரையோரம் ஒரே ஒரு கிணத்துல. அதுவும் உப்புக் கரிக்கும்.

அங்க கிடந்தாங்க. கிடந்தாங்க, கிடந்தாங்க, ஹஜ்ஜு நாள் நெருங்கிருச்சு. அப்பத்தான் ஒரு நாள் காலையில சேதி வந்துச்சாம், நல்லா இருக்கிறவங்க கப்பல் ஏறலாம், நோயாளி எல்லாம் இங்கயே இருக்கணும்னு. எல்லாரும் மூட்டையைக் கட்டுறாங்க. காசிம்பிச்சையும் கட்டினாரு. தோள்ல மூட்டையோட நோயாளிங்க கூடாரத்துக்கு சலாம் சொல்லப் போனாராம்.

உள்ள போனா, ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் தண்ணி தண்ணின்னு கேக்குறாங்க. குடுக்க ஆளில்ல. பாத்துக்கிட்டிருந்த ஆளுங்களும் கப்பலுக்கு ஓடிட்டாங்க. மூட்டையைக் கீழ வச்சாரு. தண்ணி மொண்டு குடுத்தாரு. ஒரு சுத்து முடிஞ்சா, முதல்ல குடிச்சவர் மறுபடி கேக்குறாரு.

கப்பல்ல கூட வந்த வெளியூரு ஆலிம்சா, மார்க்கம் படிச்சவரு, வாசல்ல வந்து நின்னாராம். "காசிம்பிச்சை, கப்பல் எடுக்கப் போறாங்க."

"ஆலிம்சா, நான் ஏறிட்டா இவங்களுக்குத் தண்ணி யாரு குடுப்பா?"

ஆலிம்சா உள்ள பாத்தாராம். காசிம்பிச்சை அடுத்த குவளையை மொண்டாரு.

"அடுத்த வருஷமும் ஹஜ்ஜு வரும்ல?"

"ஹஜ்ஜு வரும். நீ வருவியான்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அதை அல்லா பாத்துக்கிடட்டும். நீங்க போயிட்டு வாங்க"ன்னுட்டாராம்.

கப்பல் போயிருச்சு. அன்னைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கே ஒரு பெரியவர் மௌத்தாயிட்டாரு. அவரோட சாமானெல்லாம் கப்பலோட போயிருச்சு, உடம்பைச் சுத்துற கபனுக்குத் துணியில்ல. காசிம்பிச்சை தன் மூட்டையை அவுத்தாராம். உள்ள ஹஜ்ஜுல உடுத்துற வெள்ளை இஹ்ராம் துணி ரெண்டு, செய்னம்பு துவைச்சு மடிச்சு வச்ச மடிப்புக்கூடக் கலையல. அதைப் போத்தித்தான் அந்தப் பெரியவரை அடக்கினாராம். அதுக்கப்புறமும் கொஞ்சப் பேரு போனாங்க. பாய், வேட்டி, கூடாரத்துணி, கிடைச்சதைச் சுத்தி அடக்கினாராம். மிச்சப்பேரு பொழைச்சாங்க. அதுல ஒருத்தன் தொண்டிப் பக்கத்துப் பையன், மொகுதூம் கனின்னு பேரு. இனிப் பொழைக்க மாட்டான்னு கூடாரத்துல எல்லாரும் சொன்னவனை, துணியை நனைச்சு உதட்டுல பிழிஞ்சு பிழிஞ்சே எழுப்பி உக்கார வச்சாராம்.

அரபா மைதானத்துல நிக்கிற நாளும் கடந்து போச்சு, அன்னைக்கு அங்க நின்னாத்தான் ஹஜ்ஜு. அதுக்கப்புறம் ஒரு நாள் தண்ணிக்குடத்தோட வரும்போது பாசியில வழுக்கிப் பாறையில விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. கட்டுப்போட ஆளில்ல. அது கோணலாவே கூடிருச்சாம். ஹஜ்ஜு முடிச்சுத் திரும்பின கப்பல்லதான் அவரைத் தூக்கி ஏத்தினாங்க. கனி, "நான் அடுத்த ஹஜ்ஜு வரைக்கும் ஜித்தாவுல கூலிவேலை பாத்துட்டுக் கெடக்குறேன் காக்கா"ன்னு அண்ணன் முறை வச்சுச் சொல்லிட்டு, ஜித்தா போற படகுல ஏறிட்டான்.

காசிம்பிச்சை ஊருக்கு வந்து இறங்கின அன்னைக்கு ஊரு முழுக்கக் கடக்கரைக்கு வந்திருச்சு. "வாங்க ஹாஜியாரே"ன்னு கையைப் பிடிக்கிறாங்க. ஜம்ஜம் தண்ணி கேக்குறாங்க.

"நான் ஹாஜி இல்ல. நான் அரபாவுல நிக்கலப்பா."

அம்புட்டுத்தான் சொன்னாராம். நடந்ததைச் செய்னம்புகிட்ட மட்டும் சொன்னாரு. ஊரு வாயி சும்மா இருக்குமா? நோவுக்குப் பயந்து திரும்பிட்டாருன்னு ஒருத்தர். வாசல் வரைக்கும் போனவரை ஆண்டவன் உள்ள விடலைன்னு இன்னொருத்தர். செய்னம்பு ஒரு நாள், "உள்ளதைச் சொன்னா என்ன"ன்னு கேட்டாங்களாம். "செத்தவங்களைக் காட்டி நான் நல்ல பேரு வாங்கவா"ன்னுட்டாராம்.

சங்கு குளிக்கப் போக முடியல. கடக்கரையில உக்காந்து கயிறு திரிச்சாரு. நாலடி நடந்தா நின்னு மூச்சு வாங்கணும். இனிமே எந்தக் கப்பலும் ஏற முடியாதுன்னு அவருக்கே தெரிஞ்சு போச்சு. வருஷா வருஷம் ஹஜ்ஜுக்குப் போறவங்களைப் படகேத்திவிட வருவாரு. விட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாராம்.

இப்படியே காலம் போச்சு. ஒரு நாள் மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வாறாரு, ஒரு படகு வந்து நிக்குது. தாடி வச்ச ஒரு ஆளு இறங்கி, "இங்க காசிம்பிச்சை காக்கா வீடு எது?"ன்னு கேக்குறாரு.

"நான்தான். நீங்க யாரு?"

"உதட்டுல தண்ணி பிழிஞ்சீங்களே காக்கா. கனி."

காசிம்பிச்சை அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. சாப்பிட்டு முடிச்சு கனி விஷயத்துக்கு வந்தாரு. "என்னோட ஹஜ்ஜை அப்பவே முடிச்சுட்டேன் காக்கா. இந்த வருஷம் மறுபடி போறேன், உங்க பேர்ல செய்யிறதுக்கு. உசுரோட இருக்கிறவங்களுக்குப் பதலா செய்யணும்னா அவங்க அனுமதி வேணும்னு எங்க ஊரு ஆலிம்சா சொன்னாரு. அதைக் கேக்கத்தான் வந்தேன்." ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் போயிச் செய்யிறதைத்தான் பதல் ஹஜ்ஜும்பாங்க.

காசிம்பிச்சைக்கு முகம் மாறிருச்சாம். "நான் கூலிக்குத் தண்ணி குடுக்கல தம்பி."

"நானும் கூலி குடுக்க வரல. உங்க மேல கடமை அப்படியே நிக்குது. உங்க காலு போகாது, என் காலு போகும். வேற ஒண்ணுமில்ல."

அப்ப கதவுக்குப் பின்னாலருந்து செய்னம்பு சொன்னாங்களாம்: "ஊரு வாயை அடைக்கச் சொல்றேன்னு நினைக்காதீங்க. தொழுத பாயில உக்காந்து நீங்க அழுவுறது எனக்குத் தெரியும். சரின்னு சொல்லுங்க."

"சரி"ன்னாரு. "இன்னாருக்காகன்னு நிய்யத்து வைக்கும்போது என் பேரைச் சரியாச் சொல்லு."

"சொல்றேன் காக்கா. அரபாவுல நின்னு உங்களுக்கு என்ன கேக்கட்டும்?"

"எனக்குத்தான் நீ ஹஜ்ஜே செய்யிறியே. தீவுல நான் அடக்கினவங்களுக்குக் கேளு. அவங்க யாருக்கும் பதலுக்குப் போக ஆளில்ல."

கனி இதைப் பள்ளிவாசல்ல சொல்லிட்டுத்தான் படகேறினாராம். தீவுல நடந்தது அத்தனையும் அன்னைக்குத்தான் ஊருக்குத் தெரிஞ்சுச்சு.

ஹஜ்ஜு முடிஞ்சு கனி நேரா இங்கதான் வந்து இறங்கினாரு. கடக்கரை கொள்ளாத கூட்டமாம். முன்ன பேசினவங்களும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. காசிம்பிச்சை கம்பை ஊணிக்கிட்டு முன்னால வந்தாரு.

"அரபாவுல வெயிலா கனி?"

"நல்ல வெயிலு."

"நின்னியா?"

"பொழுது சாயிற வரைக்கும் நின்னேன், உங்க பேர்ல. மத்தவங்களுக்கும் கேட்டேன்."

"அல்ஹம்துலில்லாஹ்"னுட்டு அந்த ஈர மணல்லயே நெத்தியை வச்சு ஸஜ்தாவுல விழ முயற்சி பண்ணினாராம். இடுப்பு மடங்கல. கனி ஒரு பக்கம், அவரை ஏசின ஆளு ஒருத்தர் மறுபக்கம் பிடிச்சுக் கீழ இறக்கினாங்களாம்.

அந்த இடந்தான் பதல் துறை. இப்ப அங்க படகே நிக்கிறதில்ல, எல்லாரும் பிளேன்ல போறாங்க. ஆனா நம்ம ஊர்ல ஹஜ்ஜுக்குப் புறப்படுறவங்க படுக்கையில கெடக்கிறவங்க, நடக்க முடியாதவங்க வீட்டுக்கெல்லாம் போயி, "அங்க உங்களுக்கு என்ன கேக்கட்டும்?"னு கேட்டுட்டு, பதல் துறையில வந்து நின்னு, பேரு தெரியாத அந்தத் தீவுக்காரங்களுக்கு குர்ஆன்லருந்து ஒரு யாசீன் ஓதிட்டுத்தான் வண்டி ஏறுவாங்க. பஞ்சாயத்துல 'படகுத் துறை'ன்னு போர்டு எழுதி வச்சிருக்காங்க. எழுதினவரு வெளியூரு, பதல்னா என்னன்னு அவருக்குத் தெரியாது. நாங்க அழிக்கச் சொல்லல. கேக்குறவங்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிருவோம்.