துணைக்குப் போனவர்

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மாணவச் செல்வங்களே... இந்த மேடையில் எனக்கு இடம் தரமாட்டார்கள். தரமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், ஏன் என்று அவர்களுக்கும் தெரியும். அதனால் பேச வேண்டியதை எழுதிவிட்டேன். மைக் முன்னால் ஒருவன் நிற்கிறான், நீங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்த ஆய்வு நிதி விழாவில் என்ன சொல்கிறார்கள்? "இளங்கலை படிக்கும்போதே ஆய்வு செய்யுங்கள், பயணம் போங்கள், செலவைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்." நீங்களும் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள்... ஆனால் அதற்கு முன்னால் ஒரு குட்டிக் கதை. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

தமிழ்த்துறையில் ஒரு மாணவி. திலகா என்று வைத்துக்கொள்வோம். பேராசிரியர் ஒருவரும் வருகிறார். அவருக்குப் பெயர் எதற்கு? பேராசிரியர் என்றே இருக்கட்டும்.

திலகாவின் பெரியம்மா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் திலகா அங்கேதான் போவாள். அந்தப் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டே பாடுவார்கள். என்ன பாட்டு? மேஸ்திரியைத் திட்டிப் பாட்டு, குடிகாரப் புருஷனைத் திட்டிப் பாட்டு, சம்பளத்தைப் பிடித்தவனைத் திட்டிப் பாட்டு. ஆண்கள் யாராவது வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாட்டுகளைத் தொகுக்க வேண்டும் என்று நிதி கேட்டு விண்ணப்பித்தாள்.

நேர்காணல் நடந்தது. குழுவில் நம் பேராசிரியரும் இருந்தார். பாட்டைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"பொம்பளப் புள்ளையத் தனியா மலைக்கு அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"சார், அங்க எங்க பெரியம்மா வீடு இருக்கு. நான் வழக்கமாப் போற இடந்தான்."

"அது லீவு. இது ஆராய்ச்சி."

நிதி கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது... மாணவி தனியாகப் போகக் கூடாது, ஆசிரியர் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். முந்தைய ஆண்டு ஒரு பையன் தஞ்சாவூருக்குப் போனானே, அப்போது இந்த நிபந்தனை இருந்ததா? இல்லை. இது எப்போது முளைத்தது? யார் நட்டது? நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்கிறேன்.

சரி, துணைக்கு யார் போவது? பேராசிரியரே பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார். ஆனால் நிதியோ ஒருவர் போய்வரத்தான் போதும். இப்போது நீங்களே சொல்லுங்கள்... யார் போயிருப்பார்கள்?

துணை போனது. மாணவி போகவில்லை.

சொந்தக் காசில் வருகிறேன் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். விதிக்குப் புறம்பு என்று சொல்லிவிட்டார். முதலில் தான் போய்த் தொடங்கி வைப்பதாகவும், மீதியை அடுத்த ஆண்டு அவளே பார்த்துக்கொள்ளலாம் என்றும் ஆறுதல் சொன்னார்.

மலைக்குப் போனார். முழுக்கால் சட்டை, மூக்குக்கண்ணாடி, கையில் ஒலிப்பதிவுக் கருவி. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ம்... பாடுங்கம்மா" என்றார். யார் பாடுவார்கள்? கம்பெனி ஆள் வேவு பார்க்க வந்திருக்கிறான் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். ஒருத்தி சாமி பாட்டு ஒன்றைப் பாதி பாடிவிட்டு இருமினாள். மற்றவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

வேறு வழியில்லாமல் பேராசிரியர் திலகாவைக் கைப்பேசியில் அழைத்தார். அவள் அப்போது துறை அறையில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டதால் அறையில் இருந்த எங்கள் அத்தனை பேருக்கும் பேச்சு கேட்டது. பேராசிரியர் அங்கே தன் போனை அவள் பெரியம்மாவிடம் நீட்டினார்.

"ஏ புள்ள, யாரு இந்த ஆளு? கம்பெனிக்காரனா?"

திலகா 'நம்ம சார்தான், பாடுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் பாடியிருப்பார்கள். அந்தப் பாட்டு முழுவதும் அவர் பையில் ஏறி, அவர் பெயரில் இறங்கியிருக்கும். அவள் பொய் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"எங்க சாருதான் பெரியம்மா. எனக்குத் துணைக்கு வந்திருக்காரு."

"துணை இங்க நிக்குது... நீ எங்கடி?"

அந்தப் பக்கம் அத்தனை பெண்களும் சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்துவிட்டது. அறுந்ததா, அறுத்தாரா... அதுவும் எனக்குத் தெரியாது.

அவர் ஏறிய ஜீப் வளைவில் மறைந்ததும் பாட்டு ஆரம்பித்ததாம். அதில் புதிதாக ஒரு மூக்குக்கண்ணாடிக்காரனும் சேர்ந்திருந்தானாம்.

பேராசிரியர் திரும்பி வந்து அறிக்கை எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? 'இப்பகுதியில் தொழிற்பாடல்கள் முற்றிலும் வழக்கொழிந்துவிட்டன.' கருத்தரங்கில் படித்தார். சால்வை போர்த்தினார்கள். அடுத்த ஆண்டு திலகா மறுபடி விண்ணப்பித்தாள். வந்த பதில்... அந்தத் தலைப்பு ஆய்ந்து முடிக்கப்பட்டது, பாடல்கள் இல்லை என்று நிறுவப்பட்டது. அத்தோடு அவளுடைய மூன்றாம் ஆண்டும் முடிந்தது. இன்று ஏதோ ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று கேள்வி.

இந்தக் கதையை எதற்குச் சொன்னேன்? விண்ணப்பிக்காதீர்கள் என்பதற்கா? இல்லை. விண்ணப்பியுங்கள். கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் உங்கள் மீது அக்கறை என்று ஒரு விதி வந்தால், அந்த விதியின்படி பஸ்ஸில் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பாதுகாப்பு என்று சொல்லி உங்களை வீட்டில் உட்கார வைக்கிறவரின் பெட்டி தயாராக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லவே இல்லை என்று எவராவது அறிக்கை எழுதினால்... அவர் எதிரில் ஏன் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள் என்று கேளுங்கள்.

இதை இந்த ஆண்டின் நிதி அறிவிப்புக்குப் பக்கத்திலேயே பலகையில் குத்திவிட்டுப் போகப் போகிறேன். அடியில் பெயர் எழுதலாமா என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். எழுதினால் இது ஒருவனுடைய வயிற்றெரிச்சல் ஆகிவிடும். என் பழைய மனுக்களையெல்லாம் தோண்டி எடுத்து, பதவி உயர்வு கிடைக்காதவன் என்று சொல்லி, சிரித்து முடித்துவிடுவார்கள். துறை அறையில் அன்று இருந்தவர்கள் பலர். அதில் யார் எழுதியது? அந்த நிபந்தனையை நட்டது யார் என்று நிதிக் குழுவில் இருந்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து இத்தனை ஆண்டுகள் நான் சந்தேகப்பட்டேன். இனி அவர்கள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்படட்டும்.

பேனாவை மூடிவிட்டேன்.